கண்டிசனப் பொறுத்து

எச்சிலைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வரலாம். என் கல்லூரித் தோழி பக்கத்தில் இருந்தால் இதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பாள்: "என்னா சாப்புடறாங்கன்றதப் பொறுத்துடி. உப்புமான்னா தாராளமாப் படிக்கட்டும். கெட்டுப்போறதுக்கு அதுல ஒண்ணுமில்ல."

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் அது உயிர்பெறும். மற்ற நேரமெல்லாம் அவள் 'கண்டிசன்'. எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பழைய வண்டி விற்கிறவர் "நல்ல கண்டிசன் சார்" என்பார். அடுத்த திருப்பத்தில் வண்டி நின்றுவிடும். சிரிக்கத் தெரியாத வாத்தியாரைக் 'கண்டிசனான ஆளு' என்போம். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் காபியை உறிஞ்சியபடி போடுவது இன்னொரு கண்டிசன். இவளுடையது இதில் எதிலும் சேராது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ வராது, "கண்டிசனப் பொறுத்து" என்றுதான் வரும். அதோடு விடவும் மாட்டாள். என்னென்ன கண்டிசன் என்று விளக்க ஆரம்பிப்பாள். கேட்டவர் அதற்குள் பஸ் ஏறிப் போயிருப்பார்.

"இந்தச் சுடிதார் எனக்கு நல்லா இருக்காடி?"

"டியூப்லைட்டுல நல்லாருக்கு. வெயில்ல வராத."

விலங்கியல் படித்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம், அரூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். அவள் அரூரில் புளி வியாபாரம் செய்கிற ராவுத்தர் வீட்டுப் பெண். ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே மேசை. நான் எதையும் படபடவென்று ஊற்றிக் கலக்கி முடித்துவிட்டு விடையைத் தேடுகிற ரகம். எனக்கு அவள் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. டீ வந்தால் நான் நாக்கைச் சுட்டுக்கொள்வேன். அவள் விரலின் பின்பக்கத்தால் டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பாள். மறுபடி தொடுவாள். கடைசியில் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, "இது ரொம்ப ஆறிடுச்சு" என்று டீக்கடைக்காரரிடமே குறை சொல்வாள்.

ஒருமுறை வகுப்பில் மேடம், மனித உடலின் வெப்பநிலை முப்பத்தேழு டிகிரி, நம் நொதிகளெல்லாம் அந்தச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கை எழுந்தது.

"மேடம், பங்குனி மாசத்துல அரூர்லயுமா?"

"உக்காரும்மா."

"இல்ல மேடம், வெளிய நாப்பது. உள்ள மட்டும் எப்படி..."

"உக்காரும்மா!"

உட்கார்ந்தாள். ஆனால் அன்றைய பாடம் அவளை ரொம்பப் பிடித்துக்கொண்டது. எச்சிலில் இருக்கிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும், புளிப்பைக் கண்டால் படுத்துவிடும். இரைப்பையில் இருக்கிற பெப்சின் நேர் எதிர். அதற்கு அமிலம் இல்லாவிட்டால் வேலை ஓடாது. ஒரே குழாய், ஒரே சாப்பாடு. மாடியில் இருக்கிறவனுக்கு விஷம் எதுவோ அது கீழ்வீட்டுக்காரனுக்கு விருந்து. மேடம் இதைச் சொன்னதும் என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பாத்தியாடி? உள்ளயே எல்லாம் கண்டிசன்தான்!"

தீர்த்தமலைக்குக் கல்லூரியிலிருந்து கூட்டிப்போனபோது என் எலுமிச்சஞ் சோற்றுப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. நான் கத்திக்கொண்டிருந்தேன். இவள் படியில் உட்கார்ந்து அந்தக் குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "எலுமிச்ச புளிப்புல அது எச்சில் வேல செய்யுமாடி?" எனக்குப் பசி. குரங்கின் செரிமானத்தைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் நான் இல்லை.

சிரிப்புக்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைத்தால் பாதிதான் சரி. அவளுக்குச் செரிமானம் பாடமாக இருக்கவில்லை. அவள் அப்பாவுக்குக் கணையம் கெட்டுப்போயிருந்தது.

அப்பாவை அவள் 'அத்தா' என்பாள். எங்கள் வீட்டில் 'ஆத்தா' என்றால் அம்மாவைப் பெற்றவள். ஒரு சுழி போட்டால் பாட்டி, எடுத்தால் அப்பா. முதல் மாதம் முழுக்க, "அத்தாவுக்குச் சோறு செரிக்கலடி" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் வயதான ஒரு அம்மாவை நினைத்து, "இஞ்சி தட்டிக் குடுடி, கெழவிக்குச் சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும், "இஞ்சியப் பொறுத்து" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனபோது நரைத்த மீசையோடு அந்தக் கெழவி வந்து, "வா கண்ணு" என்றார்.

வீட்டின் முன்பாதி புளிக் குடோன். கொட்டை எடுத்த புளியும் எடுக்காத புளியுமாக மூட்டைகள் கூரை வரை நிற்கும். உள்ளே நுழைந்தாலே வாய் ஊறும். நடுவில் மூட்டை நிறுக்கிற மேடை மெஷின். அவர் நல்ல உயரம், ஒரு காலத்தில் நல்ல அகலமும் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது சட்டை மட்டும் அந்த அகலத்தில் இருந்தது. சாப்பிடுவார், குறைவில்லாமல் சாப்பிடுவார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. சாப்பாட்டை உடைக்க வேண்டிய நொதிகளைக் கணையம் அனுப்பவில்லை என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாம் எண்ணெய் மிதக்கப் போய்விடும். எங்கே போய்விடும் என்று அவள் எனக்கு விளக்கமாகவே சொன்னாள், கேன்டீனில், நான் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

வாராவாரம் அவர் அந்த மெஷினில் ஏறி நிற்பார். புளி மண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் புளியின் எடையைச் சொல்வார்கள். அவரும் ஏறி நின்றுகொண்டு மகளைப் பார்த்துச் சொல்வார்: "சாக்குக்குக் கழிச்சுக்கம்மா." சாக்கு என்றால் சட்டையும் லுங்கியும். அவள் கழிப்பாள். ஒவ்வொரு வாரமும் கழிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அதுவே குறைந்துகொண்டிருந்தது.

டாக்டர் ஒரு கேப்சூல் எழுதிக்கொடுத்திருந்தார். கணையம் அனுப்பாத நொதிகளை வெளியிலிருந்து அனுப்புகிற ஏற்பாடு. உள்ளே கடுகளவு உருண்டைகள். சாப்பாட்டோடு முழுங்க வேண்டும். அவள் அட்டையைப் படித்தாள். படிக்காமல் இருக்கிற வழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே. படித்துவிட்டு அப்பாவிடம் நேராகச் சொன்னாள்.

"அத்தா, இது பன்னிக் கணையத்துல எடுக்கறது."

அவர் அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு, "இத நீ படிக்காம இருந்திருக்கலாம்" என்றாராம். பள்ளிவாசலுக்குப் போய்த் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். ஹஜ்ரத் பொறுமையாக விசாரித்தார். வேறு மருந்து இருக்கிறதா? இல்லை. டாக்டர் அவசியம் என்கிறாரா? ஆமாம். சாப்பிட்டால் குணம் தெரியுமா? தெரியும் என்கிறார். "அப்பன்னா சாப்புடலாம். உசுரக் காப்பாத்திக்கறதும் கடமதான்." அவள் அடுத்த நாள் வந்து என்னிடம் இதைச் சொன்னபோது முகம் பிரகாசமாக இருந்தது. மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்கிற ஒரு மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அவருக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. மாத்திரை எதுவும் முழுதாக இறங்காது, தொண்டையிலேயே நின்றுகொண்டு குமட்டும். அதனால் அவள் கேப்சூலைப் பிரித்து உருண்டைகளைக் கஞ்சியில் கலந்துகொடுத்தாள். நோன்பு மாதம் வந்தது. உடம்பு முடியாதவருக்கு நோன்பு கட்டாயமில்லை. "நோன்புதான் இல்ல, கஞ்சியாச்சும் இருக்கட்டும்" என்பார். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வருகிற நோன்புக் கஞ்சியை அவள் அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதி வரும்போது உருண்டைகளைக் கொட்டிக் கலக்குவாள். சூடாக இறங்கினால்தான் மருந்து உடம்பில் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கஷாயமானாலும் சரி, சுக்குக் காபியானாலும் சரி. டீயை ஆறவைத்துக் குடிக்கிற இவள்கூட அப்பாவுக்கு மட்டும் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். அது பாசம் என்பதால் அதற்குக் கண்டிசன் போட அவளுக்குத் தோன்றவில்லை.

மெஷினில் எடை இறங்கிக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் எங்களுக்கு மாதிரி செய்முறைத் தேர்வு வந்தது. எச்சில் நொதி மாவுச்சத்தை உடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயோடின் மாவோடு சேர்ந்தால் கருநீலம். எச்சில் மாவை உடைத்துவிட்டால் நீலம் வராமல் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே நிற்கும். அவ்வளவுதான். டிபார்ட்மெண்டில் ஸ்டார்ச் டப்பா காலி. அட்டெண்டர் அண்ணன் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளைகிற ஊரில் மாவுக்கு என்ன பஞ்சம்? அமில அளவைச் சமமாக வைக்கிற பஃபரும் காலி. அதற்கு அவரால் ஒன்றும் காய்ச்ச முடியவில்லை.

"ஆளுக்கொரு டியூப் எச்சில் புடிச்சு வைங்க" என்றார் மேடம்.

சாதாரண நாளில் வகுப்பறைச் சன்னல் வழியாகத் துப்பித் துப்பிச் சுவரையே வேறு நிறமாக்கிய பையன்கள் அன்று ஒரு சொட்டுக்குத் தவித்தார்கள். பயத்தில் எல்லோர் வாயும் காய்ந்திருந்தது. ஒருவன் டியூபைத் தூக்கிக் காட்டி, "மேடம், அடுத்தவன்கிட்ட வாங்கிக்கலாமா?" என்றான்.

கண்டிசன் தன் பையைத் திறந்தாள். பேப்பரில் மடித்த புதுப்புளி. அந்த வருஷத்து அறுப்பு, பளபளவென்று.

"ஒரு சுளை வாயில வெச்சு ஒதுக்கிக்கங்க. முழுங்காதீங்க. ஆறா ஊத்தும்."

ஊற்றியது. எல்லோர் டியூபும் நிரம்பியது. அவள் மட்டும் நோன்பு என்பதால் புளியைத் தொடவில்லை. வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு, கெட்டியாக, நூலாக இழுக்கிற எச்சிலைக் கஷ்டப்பட்டுக் கொஞ்சம் சேர்த்தாள்.

"துப்புனா நோன்பு போயிராதாடி?"

"வெளிய இருந்து உள்ள போனாத்தான்டி போகும். எனக்குள்ள இருக்கறது வெளிய வந்தா யாருக்கு என்னா?"

கலந்தோம். காத்திருந்தோம். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அயோடின் சொட்டு வைத்துப் பார்த்தோம். கருநீலம். மறுபடி பார்த்தோம். கருநீலம். வகுப்பு முழுக்க, மேசைக்கு மேசை, ஒரே கருநீலம். அவள் ஓட்டில் மட்டும் அழகான பழுப்பு.

"என்னா கிளாஸ் இது? ஒருத்தருக்குக்கூட எச்சில் வேலை செய்யலையா!" என்று மேடம் அலறினார்.

"மேடம், பாய் வூட்டுப் பொண்ணு எச்சில் மட்டும் வேல செய்யுது. எங்களுக்கு என்னா கேடு?" என்றான் டியூபைத் தூக்கிக் காட்டியவன்.

"நீ பொய் சொன்ன வாயில்ல, அதான்" என்று இன்னொருத்தன்.

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லோர் உதட்டோரமும் காப்பிக் கலரில் புளி. எழுந்துவந்து நீல லிட்மஸ் தாளை என் டியூபில் முக்கினாள். தாள் சிவந்தது.

"ஐயையோ. புளிடி! என்சைம் படுத்திருச்சு. உங்க வாயெல்லாம் இப்ப வயிறாயிருச்சு!"

வராந்தாக் குழாயில் மொத்த வகுப்பும் வாய் கொப்பளித்த சத்தம் பிரின்சிபால் அறை வரைக்கும் கேட்டிருக்கிறது. கழுவிவிட்டுச் செய்ததும் எல்லோர் எச்சிலும் ஒழுங்காக வேலை செய்தது. மேடம் அவளை மட்டும் கூப்பிட்டு, "இனிமே லேப்புக்குத் தீனி கொண்டாராத" என்றார். வெளியே வந்து சொன்னாள்: "தீனியா, ஆசிட்டான்றது கண்டிசனப் பொறுத்து."

அன்று மாலை அவள் வீட்டில்தான் எனக்கும் கஞ்சி. புளிக் கதையைக் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடிக்க அங்கே அதிகம் ஒன்றுமில்லை. சிரித்து முடித்ததும் தன் கஞ்சியைத் தள்ளிவைத்தார்.

"நாளையிலருந்து இதுல அந்தக் கேப்சூலப் போடாதம்மா."

"ஏங்கத்தா?"

"ஹஜ்ரத் என்னா கண்டிசன் சொன்னாரு? வேற வழி இல்லைன்னா, குணம் தெரியும்னா. குணம் எங்க? மெஷினப் பாத்தியா? ஒடம்பு ஏத்துக்கல. அப்பன்னா கண்டிசன் போச்சு. கண்டிசன் போன பொறவு அது மருந்தில்ல, வெறும் பன்னி."

அவள் ஆயுதத்தை அவளிடமே திருப்பிப் பிடித்தவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பெருநாள் வரைக்கும் பாக்கலாங்கத்தா."

"பெருநாள் வரைக்கும். அதுக்கு மேல கேக்காத."

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "நிறுத்துனாருன்னா போயிருவாருடி" என்றாள். எந்தக் கண்டிசனும் சொல்லாமல் அப்படியே சொன்னாள்.

அடுத்த வாரம் வெப்பநிலைப் பாடம். மூன்று டியூப் எச்சில். ஒன்று ஐஸில், ஒன்று வெதுவெதுப்பான நீரில், ஒன்று கொதிநீரில். பிறகு கஞ்சி, பிறகு அயோடின். வெதுவெதுப்பு வேலை செய்தது. ஐஸும் கொதிநீரும் கருநீலம். மேடம் வழக்கம்போலச் சொல்ல, நாங்கள் வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

"மேடம். ஆற வெச்சா திரும்ப வருமா?"

"ஐஸ்ல வெச்சது வரும். சூடேத்துனா எழுந்து வேலை செய்யும்."

"அது இல்ல மேடம். கொதிக்க வெச்சது. அத ஆற வெச்சா?"

"வராது. அதோட அமைப்பே கலைஞ்சு போச்சு."

"எவ்ளோ நேரம் ஆற வெச்சாலும்?"

"வெந்த முட்டையை ஆற வெச்சா திரும்பப் பச்சை முட்டை ஆகுமா? செத்தது செத்ததுதாம்மா."

அவள் நம்பவில்லை. ஐஸ் டியூபை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். கொதித்த டியூபை மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். எல்லோரும் போனபிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஐஸ் டியூபில் நீலம் வராமல் போனது. கொதித்த டியூபில் கருநீலம் அப்படியே நின்றது. மறுபடி சொட்டு வைத்தாள். கருநீலம். மறுபடி வைக்கப் போன கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"தினமும் கொதிக்கக் கொதிக்கக் கொட்டுனேன்டி" என்றாள். "நாந்தான் கொட்டுனேன்."

பஸ்ஸில் அரூர் வரும்வரை சன்னலோரத்தில் உட்கார்ந்து விரலின் பின்பக்கத்தால் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு டம்ளர் எடுத்தாள். தூக்கில் வந்திருந்த கஞ்சியைக் கொதிக்கவைத்து, அந்தக் கொதியிலேயே ஒரு கேப்சூலைப் பிரித்துக் கொட்டி, கொஞ்ச நேரம் அடுப்பிலேயே விட்டு ஒரு டம்ளரில் ஊற்றினாள். இன்னொரு டம்ளரில் வெதுவெதுப்பாக ஆறின கஞ்சி. அதிலும் ஒரு கேப்சூல். இரண்டையும் மெஷின் மேடைமேல் வைத்தாள். அவர் கணக்குப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, "என்னாம்மா, ஆளுக்கு ஒரு டம்ளர்கூட இல்ல?" என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நாங்கள் பேரீச்சை தின்று, தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது வெதுவெதுப்பான டம்ளரில் கஞ்சியைக் காணோம். ரசம் மாதிரித் தெளிந்து கிடந்தது. கொதித்த டம்ளரில் கரண்டியை நட்டு வைக்கலாம்.

"பாத்தீங்களாத்தா? வேல செய்யுது. ஒங்க ஒடம்பு ஏத்துக்காம இல்ல. உள்ள போறதுக்கு முன்னாடியே நான் கொன்னுட்டேன்."

அவர் தெளிந்த டம்ளரைக் கையில் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மகள் முகத்தையும் பார்த்தார். அது அழுவதற்கு எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தது.

"ஏற்கெனவே செத்த பன்னியத் தெனம் ஒரு தடவ வேக வெச்சிருக்கியேம்மா" என்றார். "அதுக்கும் பாவம், எனக்கும் பாவம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பார்க்கச் சகிக்காத காட்சி.

"சரி, ஆறின கஞ்சில போடு. குடிக்கறேன்."

நான் டம்ளரை எடுக்கப் போனேன். அவள் என் கையில் ஒன்று போட்டாள்.

"இருடி அவசரம். இதும் தப்புதான். இப்ப இது டம்ளர்லயே கதவத் தெறந்துருச்சு பாரு. இப்படியே குடிச்சா வயித்து ஆசிட் போட்டுத் தள்ளிரும். அந்த உருண்டைக்கு மேல ஒரு பூச்சு இருக்குங்கத்தா. புளிப்பு இருக்கற வரைக்கும் அது தெறக்காது. வயித்தத் தாண்டி, புளிப்பு தீந்த எடத்துலதான் தெறக்கும். அதனால கஞ்சி ஆகாது. புளிப்பா எதுலயாச்சும்..."

நிறுத்தினாள். நிமிர்ந்தாள். எங்கள் மூவரைச் சுற்றிலும் கூரை வரைக்கும் மூட்டைகள் நின்றன.

எங்கள் வகுப்பு முழுவதையும் கவிழ்த்த அதே புளி. ஒரு நொதியைப் படுக்கப்போட்ட புளிப்பு இன்னொரு நொதிக்குக் காவல். இதை நான் இப்போது அழகாக எழுதுகிறேன். அப்போது நான் சொன்னது, "அடிப்பாவி!"

சேலத்து டாக்டருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். முழுங்கத்தான் வேண்டும் என்று அவர் முதலில் கோபித்தார். முழுங்க முடியாதவர்களுக்கு ஆப்பிளை மசித்து அதில் உருண்டைகளைத் தூவிக் கொடுப்பதுண்டு என்றார்.

"ஆப்பிளுக்குப் பதிலாப் புளி குடுக்கலாங்களா டாக்டர்?"

டாக்டர் திருப்பிக் கேட்டார்.

"ஆறினதா?"

"பச்சத் தண்ணில கரைச்சதுங்க."

"கெட்டியா இருக்குமா?"

"அல்வா பதத்துக்குங்க."

"மெல்லாம, உருண்டைய ஒடைக்காம முழுங்கிட்டு, ஒடனே தண்ணி குடிப்பாரா?"

"குடிப்பாருங்க."

"சாப்பாட்டோட குடு. இந்த மூணும் சரியா இருந்தா குடுக்கலாம்மா. அடுத்த தடவ வர்றப்ப எனக்கும் கொஞ்சம் புளி கொண்டு வா."

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது. "என்னயவிடப் பெரிய கண்டிசன்டி இவரு."

புதுப்புளியை நார் எடுத்துப் பிசைந்து, துளி வெல்லம் சேர்த்து, அதில் உருண்டைகளைத் தூவி ஒரு கரண்டி. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு, மெல்லாமல் முழுங்கி, தண்ணீர் குடித்தார். புளி வியாபாரிக்குப் புளி தொண்டையில் நிற்குமா? வழுக்கிக்கொண்டு போனது. "காலம் பூரா ஊருக்கெல்லாம் இத வித்தேன். எனக்குன்னு ஒரு சுளை எடுத்ததில்ல" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார்.

பெருநாளன்று பிரியாணிக்கு வரச் சொல்லியிருந்தாள். போனேன். புது வேட்டி, புதுச் சட்டை, அத்தர் வாசனை புளி வாசனையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். அன்று வரை என்று அவர் சொல்லியிருந்ததை மூவருமே மறக்கவில்லை.

ஏறினார். எண்கள் ஓடி நின்றன. போன வாரத்தைவிட அதிகம். "ஏறிருச்சும்மா!" என்று அவர் கத்தியதில் தெருவில் போன ஆட்டோ ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சாக்குக்குக் கழிக்கணுங்கத்தா."

"கழி, கழி."

"வேட்டி புதுசு, கஞ்சி போட்டது. கனம் ஜாஸ்தி. கழிக்கறேன். பாக்கெட்டுல போன் இருக்கு. எடுங்க. செருப்பு."

செருப்பைக் கழற்றினார். மறுபடி ஏறினார். எண் கொஞ்சம் இறங்கியது.

"பிரியாணி சாப்ட்டீங்களா?"

"பெருநாள்ல சாப்புடாம?"

"எவ்ளோ?"

"அதையெல்லாம் எவன் நிறுத்தான்?"

"ரெண்டு தட்டுங்கறேன். தண்ணி ஒரு சொம்பு. கழிக்கறேன்."

"இன்னும் என்னாத்தக் கழிக்கப் போற, என் மீசையையா?"

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. வேட்டி, சட்டை, பிரியாணி, சொம்புத் தண்ணீர். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எண்ணைப் பார்த்தேன். எல்லாம் போனபிறகும் போன வாரத்தைவிட ஒரு சிறு மிச்சம் இருந்தது. ஒரு கைப்பிடிப் புளி இருக்கும், அவ்வளவுதான். அவளும் அதைப் பார்த்துவிட்டாள். உதடு நின்றது.

"சொல்லும்மா. எறங்கட்டுமா?"

"கழிக்க இனிமே ஒண்ணுமில்லைங்கத்தா" என்றாள். "எறங்காதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க."